பள்ளி மூடிய நாளில் பாடம்: அரசுப் பள்ளிக்கு என்ன விதி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காலை ஆறு மணிக்கே பெற்றோர் கை டிவி ரிமோட்டுக்கோ போனுக்கோ போய்விடும். கலெக்டர் லீவு விட்டாரா என்பதுதான் அன்றைய முதல் கேள்வி. 2020க்குப் பிறகு இன்னொரு கேள்வியும் அதோடு ஒட்டிக்கொண்டது. லீவு விட்டால் ஆன்லைன் கிளாஸ் உண்டா? தனியார் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு பதில் வருகிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வேறொரு பதில் வருகிறது. எந்த விதியை வைத்து அந்தப் பதில் வந்தது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. பல சமயம் பதில் சொல்லும் ஆசிரியருக்கும் தெரிவதில்லை.

அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்து படிக்கச் சொல்லும்போது பள்ளி எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, கதவு மூடியிருந்தாலும் எதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் விஷயம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆன்லைன் பள்ளிக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. இருப்பவை இரண்டு வகை. கல்வி உரிமைச் சட்டம், உணவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் போன்றவை ஒரு வகை. மீறினால் யாரிடம் போய்க் கேட்பது என்று இவற்றில் எழுதியிருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகமும் மாநிலப் பள்ளிக்கல்வித் துறையும் அவ்வப்போது வெளியிடும் வழிகாட்டுதல்கள் இன்னொரு வகை. நாம் 'ஆன்லைன் கிளாஸ் ரூல்ஸ்' என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 'செய்யலாம்', 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற நடையில் எழுதப்பட்டவை அவை. குழந்தைக்குப் பாதுகாப்பு எங்கே உறுதியாக இருக்கிறது, எங்கே வெறும் நல்லெண்ணமாக நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்தால், பள்ளி என்று அது எதை நினைத்தது என்பது புரியும். ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையாவது இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், மதிய உணவு சமைக்க இடம், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் எல்லாம் வேண்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரப் படிப்பு. ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள், 1,000 மணி நேரம். திரையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனவே ஒரு நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினால் அது வேலை நாளாகுமா என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்துக்குள் நேரடிப் பதில் கிடைக்காது. தமிழ்நாட்டில் மழைக்கு விட்ட விடுமுறையைச் சனிக்கிழமை பள்ளி வைத்து ஈடுசெய்யும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கு வந்து உட்காரும் நாளே வேலை நாள் என்ற எண்ணம் அந்தப் பழக்கத்துக்குள் இருக்கிறது. அது சரியான எண்ணம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையில்தான் பொருந்தும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். ஆன்லைன் வகுப்பு அதிகமாக நடப்பதும் அவர்களுக்குத்தான்.

திரைக்கு முன் எத்தனை நேரம்?

கொரோனா காலத்தில் சில தனியார் பள்ளிகள் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியம் வரை ஆறு, ஏழு பீரியடுகளை அப்படியே திரைக்கு மாற்றின. அதைக் கட்டுப்படுத்த 2020 ஜூலை 14 அன்று மத்திய அரசு 'பிரக்யாதா' என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. என்.சி.இ.ஆர்.டி. தயாரித்தது. இன்றைக்கும் நேர வரம்பு பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கைகாட்டுவது அதைத்தான். மழலையர் வகுப்புக்கு ஒரு நாளில் 30 நிமிடத்துக்கு மேல் கூடாது. அந்த நேரமும் பெற்றோரிடம் பேசி அவர்களை வழிநடத்துவதற்கே. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, 30 முதல் 45 நிமிடம் கொண்ட நேரலை வகுப்பு ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் போகக் கூடாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு. அதாவது ஏழாம் வகுப்புக் குழந்தைக்கு நேரலையில் அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம்.

இந்த எண்கள் செய்தித்தாள்களில் நிறைய வந்தன. அதே ஆவணத்தில் எனக்கு இதைவிட முக்கியமாகப்படும் பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. வகுப்பைத் தொடங்குவதற்கு முன், எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று பள்ளி கணக்கெடுக்க வேண்டும் என்கிறது அது. கணினியும் 4ஜியும் உள்ள வீடு, ஸ்மார்ட்போன் மட்டும் உள்ள வீடு, போன் இருந்தும் நெட் சரியாகக் கிடைக்காத வீடு, டிவி மட்டும் உள்ள வீடு, ரேடியோ அல்லது பட்டன் போன் உள்ள வீடு, இவை எதுவுமே இல்லாத வீடு என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. ஒவ்வொரு வகை வீட்டுக்கும் என்ன வழி என்று பள்ளி யோசித்துவிட்டுத்தான் பாடம் தொடங்க வேண்டும். பள்ளிகளில் இது ஒழுங்காக நடந்திருந்தால் பல குழந்தைகள் கணக்கிலிருந்து நழுவியிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டு அரசும் 2020 ஜூலை இறுதியில் தன் வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆன்லைன் வகுப்புகளுக்குத் தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்குகள் போயின. நீதிமன்றம் தடை விதிக்கவில்லை, வழிகாட்டுதல்களைப் பின்பற்றி நடத்தச் சொன்னது. அரசுப் பள்ளிகளுக்கோ அந்த நாட்களில் நேரலை வகுப்பு பெரிய அளவில் இல்லவே இல்லை. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சிதான் அவர்களுடைய வகுப்பறை ஆனது. கேரளத்திலும் அதே போல 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் சேனலில் பாடம் தொடங்கியது. அங்கே டிவியோ போனோ இல்லாத பிள்ளைகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்று முன்பே கணக்கெடுத்திருந்தார்கள். முதல் நாட்களை வெள்ளோட்டமாக வைத்து, அதே பாடங்களைத் திரும்ப ஒளிபரப்பினார்கள். நூலகத்திலும் அங்கன்வாடியிலும் டிவி வைத்துப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். குறைகள் அங்கும் இருந்தன. ஆனாலும், போன் இல்லாத குழந்தையை முதலில் எண்ணிவிட்டுப் பாடத்தைத் தொடங்கிய அந்த வரிசை சரியானது.

நம் பாடப்புத்தகத்தைத் திறந்தால் பாடத்தின் பக்கத்தில் கறுப்புச் சதுரமாக ஒரு கியூஆர் குறியீடு தெரியும். 2018இல் வந்த புதிய புத்தகங்களில் அது சேர்க்கப்பட்டது. போனைக் காட்டினால் 'தீக்‌ஷா' தளத்தில் அந்தப் பாடத்தின் வீடியோ திறக்கும். இந்த முறையின் நன்மை, குறிப்பிட்ட மணிக்கு வந்து உட்கார வேண்டியதில்லை என்பது. அப்பா வேலை முடிந்து போனோடு வந்த பிறகு பார்க்கலாம். அரசுப் பள்ளிக்குக் காலை எட்டு மணிக்கு நடக்கும் நேரலை வகுப்பைவிட இதுவே பொருத்தம். ஆனால் குறியீட்டைக் காட்டவும் ஒரு போன் வேண்டுமே.

போன் யார் கொடுப்பது?

எல்லா வழிகாட்டுதலும் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். வகுப்பு எத்தனை நிமிடம் என்று சொல்கிறார்கள், ஆசிரியர் எப்படிப் பேச வேண்டும் என்றுகூடச் சொல்கிறார்கள். கருவியை யார் வாங்கித் தர வேண்டும் என்று மட்டும் எந்த ஆவணமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன். அது அப்பாவின் சட்டைப்பையில் காலை ஏழரைக்கே கிளம்பிவிடும். அடுத்த நாள் வேலைக்கு மேஸ்திரி கூப்பிடுவதும் அதில்தான் என்பதால் வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது. இரவு ஏழு மணிக்குத் திரும்பும்போது சார்ஜ் ஐந்து சதவீதம் இருக்கும். சார்ஜரில் போட்டபடியே மூன்று பிள்ளைகளும் சுற்றி உட்காருவார்கள். மூன்று வகுப்பு, மூன்று வாட்ஸ்அப் குரூப். கணக்கு டீச்சர் நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருப்பார். பெரிதாக்கினால் எண்கள் மங்கிப் போகும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் மூன்றாவது பிள்ளையின் முறை வருவதற்குள் வேகம் குறைந்து வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். இந்த வீட்டை 'ஸ்மார்ட்போன் உள்ள வீடு' என்று கணக்கெடுப்பில் டிக் அடித்திருப்பார்கள்.

கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் 'ஏசர்' ஆய்வுகளிலும் இந்த நிலை தெரியும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள கிராமப்புற வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018இல் 36.5 சதவீதம், 2021இல் 67.6 சதவீதம். மூன்று ஆண்டில் இவ்வளவு ஏற்றம். கடன் வாங்கியாவது பிள்ளைக்காகப் போன் வாங்கிய பெற்றோர் எத்தனை பேர் என்று யோசிக்கலாம். அதே 2021 ஆய்வில், போன் இருக்கும் வீட்டிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளைக்கு அது கைக்கே கிடைப்பதில்லை என்றும் தெரிந்தது. வீட்டில் போன் இருப்பதும் பிள்ளை கையில் போன் இருப்பதும் வேறு வேறு.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? கல்வி உரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, தொடக்கக் கல்வியைப் படித்து முடிக்கத் தடையாக இருக்கும் எந்தக் கட்டணத்தையும் செலவையும் குழந்தையிடம் கேட்கக் கூடாது என்கிறது. இந்த வரியை வைத்து டெல்லி உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பர் 18 அன்று ஒரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. பள்ளி தானாக முடிவெடுத்து நேரலை ஆன்லைன் வகுப்பை நடத்தினால், இலவச இடத்தில் படிக்கும் ஏழைக் குழந்தைகளுக்குக் கருவியையும் இணைய இணைப்பையும் அந்தப் பள்ளியே தர வேண்டும், தனியார் பள்ளி அந்தச் செலவை அரசிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றது. தனியார் பள்ளிகளையும் கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளையும் பற்றிய வழக்கு அது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு அக்டோபரில், இந்த ஏற்றத்தாழ்வு மனதை உலுக்குவதாகச் சொல்லி, அரசு ஒரு திட்டத்தோடு வர வேண்டும் என்று கேட்டது. எனவே 'போன் கொடு' என்று நாளைக்கே பள்ளி வாசலில் போய் நின்று கேட்க உறுதியான சட்டப் பிடி இன்றைக்கு இல்லை. ஆனால் 'போன் வாங்கிக்கொண்டு வா' என்று அரசுப் பள்ளி பெற்றோரிடம் சொல்லவும் வழியில்லை. சொன்னால், அந்த மூன்றாவது பிரிவைக் காட்டி மறுக்கலாம்.

அதிலிருந்து இன்னொன்றும் பிறக்கிறது. கருவி தராதவர்கள், கருவி இல்லாமல் வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் போடக் கூடாது. 2020இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அந்த வருகைப் பதிவு, பள்ளி திறந்திருந்த நாட்களின் பதிவு. ஒருவேளை அடுத்த ஆண்டுகளில் திரை வருகையைச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிக்னல் இல்லாத மலைக்கிராமத்துப் பிள்ளையின் மதிப்பெண் குறைந்திருக்கும். ஆன்லைன் வகுப்பு வருகையை எந்த மதிப்பெண்ணோடும் தேர்ச்சியோடும் சேர்க்கக் கூடாது என்று மாநில அரசு நிரந்தர அரசாணையாகவே போட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. இப்போது அது தலைமையாசிரியரின் நல்ல மனதை நம்பி நிற்கிறது.

சோறு

பாடத்தைப் பற்றிப் பேசும்போது மறந்துபோகும் விஷயம் இது. அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைக்கு 2022இலிருந்து படிப்படியாகக் காலை உணவும் கிடைக்கிறது. மதியம் சத்துணவு. ஆன்லைன் என்று ஒரு நாள் அறிவித்தால் அந்தக் குழந்தைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு போகிறது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை நாட்கள் தவிர ஒவ்வொரு நாளும் ஒரு மதிய உணவு இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. அதன் கீழ் வந்த 2015ஆம் ஆண்டு மதிய உணவு விதிகள், தானியம் இல்லை, சமையலர் வரவில்லை, வேறு எந்தக் காரணத்தாலோ ஒரு பள்ளி நாளில் உணவு தராவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படியை, தானியமும் பணமுமாக, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்கின்றன.

இதை நான் இப்படிப் படிக்கிறேன். ஒரு நாளை விடுமுறை என்று அறிவித்தால் உணவுக் கடமை அன்று இல்லை. அதே நாளை 'விடுமுறை இல்லை, ஆன்லைனில் பள்ளி நடக்கிறது' என்று சொல்லி வேலை நாள் கணக்கில் சேர்த்தால், உணவோ அதற்கு ஈடோ தந்தாக வேண்டும். பாடத்துக்கு வேலை நாள், சாப்பாட்டுக்கு விடுமுறை என்று இரண்டு விதமாக வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் உச்ச நீதிமன்றமே முன்வந்து இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தது. உணவாகவோ படியாகவோ கொடுங்கள் என்று மத்திய அரசும் மாநிலங்களுக்கு எழுதியது. தமிழ்நாட்டில் அரிசியும் பருப்பும் பிறகு முட்டையும் பெற்றோர் கையில் கொடுக்கப்பட்டன. முன்னுதாரணம் இருக்கிறது. இனி ஒரு நாளோ ஒரு வாரமோ ஆன்லைன் என்றாலும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

டெல்லியில் கேட்டிருக்கிறார்கள். நாட்டில் ஆன்லைன் வகுப்புக்கென்று ஆண்டுதோறும் தேவைப்படும் நிலையான விதி இருப்பது தலைநகர வட்டாரத்தில்தான். காரணம் தொற்றுநோய் இல்லை, நச்சுப்புகை. காற்றின் தரக் குறியீடு 400ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை, 450ஐத் தாண்டினால் நான்காம் நிலை என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையம் கட்டுப்பாடுகளை அடுக்கி வைத்திருக்கிறது. 2024 நவம்பர் 18 அன்று பன்னிரண்டாம் வகுப்பு வரை நேரடி வகுப்பை நிறுத்த உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே வாரத்தில், நவம்பர் 25 அன்று அதே நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. பல குழந்தைகளுக்கு மதிய உணவு போய்விட்டது, பலருக்கு ஆன்லைனில் படிக்க வசதி இல்லை, வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான் இல்லாத பிள்ளைக்கு வீட்டில் இருப்பதும் பள்ளியில் இருப்பதும் ஒன்றுதான் என்று அது கவனித்தது. அதன் பிறகு வந்த முறையில், நேரடியாகவும் ஆன்லைனாகவும் சேர்த்து வகுப்பு நடத்த வேண்டும், எதில் கலந்துகொள்வது என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முடிவு செய்யலாம். 2024 டிசம்பர் திருத்தத்தின்படி மூன்றாம் நிலையில் ஐந்தாம் வகுப்பு வரையும், நான்காம் நிலையில் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றாம் வகுப்புக்கும் இந்தக் கலப்பு முறை.

பெற்றோருக்குத் தேர்வு கொடுத்த இந்த ஏற்பாட்டில் ஓர் உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. சில பிள்ளைகளுக்கு வீட்டைவிடப் பள்ளிதான் பாதுகாப்பான இடம்.

யார் சொன்னால் பள்ளி மூடும்?

1976இல் கல்வி பொதுப் பட்டியலுக்குப் போனது. அதனால் மத்திய அரசு வழிகாட்டுதல் தரலாம், அன்றாடம் பள்ளியைத் திறப்பதும் மூடுவதும் மாநில அரசின் கையில். மழை, புயல் என்றால் மாவட்ட ஆட்சியர். 2020இல் நாடு முழுக்க மூடியது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ். தலைமையாசிரியர் தானாக 'நாளை முதல் ஒரு வாரம் ஆன்லைன்' என்று அறிவிக்க முடியாது.

மழை விடுமுறை நாளில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று பள்ளிக்கல்வித் துறை திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. நேரடி வகுப்புக்குச் சொன்னதை ஆன்லைனுக்கும் பொருத்திப் பார்ப்பதுதான் நியாயம். கலெக்டர் லீவு விடும் அளவுக்கு மழை என்றால் பல ஊர்களில் கரண்ட் இருக்காது, டவர் வேலை செய்யாது, தாழ்வான தெருவில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும். அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருக்கும் வீட்டில் எந்தப் பிள்ளை போனைத் திறந்து பாடம் கேட்கும்?

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. ஆன்லைனுக்கு வந்ததால் அந்த உரிமை மாறாது. சைகை மொழியோ எழுத்து விளக்கமோ இல்லாத வீடியோ காது கேளாத பிள்ளைக்குப் பயன்படாது. 'படத்தைப் பார்' என்று மட்டும் சொல்லும் வீடியோ பார்வையற்ற பிள்ளைக்குப் பயன்படாது. இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

திரைக்குள் பாதுகாப்பு

2021 மே மாதம் சென்னையில் ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் நடந்துகொண்ட விதம் பற்றி மாணவிகள் வெளியே சொன்ன பிறகு, மாநில அரசு சில கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. வகுப்பு முழுவதையும் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், ஆசிரியரும் மாணவரும் பள்ளிக்கு வருவது போலவே உடுத்தியிருக்க வேண்டும், புகார் செய்ய உதவி எண் வேண்டும் என்பன அவற்றில் முக்கியமானவை. இங்கே நிற்பது போக்சோ சட்டம், வழிகாட்டுதல் மட்டும் இல்லை. பாலியல் நோக்கத்தோடு பிள்ளையைத் திரும்பத் திரும்ப மின்னணு வழியில் தொடர்பு கொள்வதும் அதில் குற்றம். இரவு பத்து மணிக்கு மாணவிக்குத் தனியாக மெசேஜ் அனுப்பும் ஆசிரியரைப் பற்றித் தெரிந்தும் மூடி மறைக்கும் பள்ளி நிர்வாகமும் அந்தச் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டும். நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. புகாருக்கு 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன. பாடம் சம்பந்தமாக எது அனுப்பினாலும் பெற்றோரும் இன்னொரு ஆசிரியரும் இருக்கும் குரூப்பில்தான் அனுப்ப வேண்டும் என்பதை உங்கள் பள்ளி நடைமுறையாக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை எழாது.

பதிவு செய்வதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. குழந்தையின் முகம், குரல், வீட்டின் உள்புறம் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் சேர்கிறது. தீக்‌ஷா தளத்தில் இருந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், ஏறக்குறைய 6 லட்சம் மாணவர்களின் விவரங்கள் பூட்டில்லாத சர்வரில் கிடந்ததாக 2023 ஜனவரியில் செய்தி வந்தது. அரசு நடத்தும் தளம் அது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கல்வி நிறுவனங்களுக்குக் கற்பித்தலுக்கும் பாதுகாப்புக்குமாகச் சில விலக்குகள் உண்டு. எனவே பள்ளி ஒரு புதிய ஆப்பைப் போடச் சொன்னால், எந்த விவரத்தை எடுக்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதிவு வேண்டும், ஆனால் சரிபார்த்த பிறகு அழித்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

இந்த விதிகள் ஏன் முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டின் நாட்காட்டியே போதும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புக்குத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை முதன்முறையாக வகுப்பறைக்குள் உட்கார்ந்தபோது அது இரண்டாம் வகுப்பில் பாதி ஆண்டை நெருங்கியிருந்தது. அ, ஆ எழுதிப் பழகும் வயதைத் திரைக்கு முன்னாலோ, திரையும் இல்லாமலோ கழித்த தலைமுறை அது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாலையில் தெருவுக்குள்ளேயே, திண்ணையிலும் கோயில் முன்னாலும் தன்னார்வலர் ஒருவர் பத்திருபது பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. போனோ நெட்டோ அதற்குத் தேவைப்படவில்லை. 'தொலைவிலிருந்து கல்வி' என்றதும் நம் மனம் திரைக்கே ஓடுகிறது. பள்ளி மூடியிருந்த காலத்தின் இழப்பை ஈடுகட்ட எளிய வீட்டுப் பிள்ளைக்கு ஒத்துவந்தது, நடந்து போகும் தூரத்தில் ஒரு மனிதர்.

கடைசியாக, நீங்கள் என்ன செய்யலாம். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மழைக்காலத்துக்கு முந்தைய கூட்டத்தில் சிலவற்றைக் கேட்டுத் தீர்மானமாக எழுதவைக்கலாம். எந்த வீட்டில் போன் இல்லை என்ற பட்டியல் இருக்கிறதா? அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாளை அச்சிட்டு யார் கொண்டுபோய்க் கொடுப்பது? பள்ளி நீண்ட நாள் மூடினால் அரிசியும் முட்டையும் எந்த நாளில், எங்கே கிடைக்கும்? ஆன்லைன் வருகை மதிப்பெண்ணில் சேருமா? சேராது என்றால் தலைமையாசிரியர் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

பதில் வரவில்லை என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவின் கீழ் உங்கள் பகுதிக்குரிய உள்ளாட்சி அதிகார அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் இரு தரப்பையும் கேட்டு அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவிலும் குறை இருந்தால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். புகாருக்குக் கட்டணம் இல்லை. ஒரு தாளில், தேதி போட்டு, குழந்தையின் வகுப்பும் பள்ளியின் பெயரும் எழுதி, கொடுத்ததற்கு ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.